சாலைக்கென்று விட்ட நிலம்

அம்புரோஸ் லாரோக் வாரத்துக்கு இரண்டு முறை, தான் பிறந்த வீடு இருந்த இடத்தின் மேலேயே சாலையைச் சமன் செய்கிற கிரேடரை ஓட்டிக்கொண்டு போய் வந்தார். பதினெட்டு வருடம் அப்படிப் போய் வந்தார். எங்களில் ஒருவருக்கும் அது தெரியாது. அவர் மனைவிக்கும் தெரியாது.

பிரானக் ஊர் முடிகிற இடத்தில் நான் காபிக்கடை வைத்திருந்தேன். உள்ளே ஆறு மேசை, வாசலில் இரண்டு பெட்ரோல் பம்பு. கடையை ஒட்டி ஒரு சரளைச் சாலை வடக்கே கிளம்பும். அறுபது மைல் வரை அது எங்கேயும் திரும்பாது, எதற்கும் ஒதுங்காது. இரண்டு பக்கமும் கோதுமை, ஆளிவிதைப் பயிர், இடையிடையே வாத்து மிதக்கிற குட்டைகள். ஆளி நீலமாகப் பூத்திருக்கும்போது காற்றடித்தால், சாலை ஏதோ ஓர் ஏரிக்குள் இறங்கிப் போவது போலவே இருக்கும். அந்தச் சாலையில் முதல் முப்பது மைல் அம்புரோஸின் பொறுப்பு. மழையில் குழி விழுந்தாலும், லாரிகள் ஓடி ஓடிச் சரளை ஓரத்துக்கு ஒதுங்கினாலும், அவர்தான் கிரேடரின் நீண்ட அலகை இறக்கி, சீவி, வாரி, நடுவில் பரப்பி விடுவார். மணிக்கு நான்கு மைல் வேகம். காலையில் கடையைத் திறக்கும்போது என் ஜன்னலில் பெரிதாகத் தெரிவார். பாத்திரம் கழுவி முடித்துப் பார்த்தால் ஒரு வண்டளவு. மாவு பிசைந்துவிட்டுப் பார்த்தால் புள்ளி. அதன் பிறகு நெடுநேரத்துக்கு அந்தப் புள்ளி அங்கேயே இருக்கும், வானமும் தரையும் சேர்கிற இடத்தில், போகிறதா நிற்கிறதா என்று தெரியாமல்.

"அங்க உக்காந்து என்னதான் பண்ணுவீங்க நாள் பூரா?" என்று ஒரு முறை கேட்டேன்.

"பாத்துட்டு இருப்பேன், நாஸ்தியா."

"என்னத்த? புல்லையா?"

"புல்லும் இருக்கு. மேகம் நிறைய வரும். சில நாள் காலையில குளிர் ஜாஸ்தியா இருந்தா நாப்பது மைலுக்கு அப்பால இருக்கிற ஊர் அப்படியே எழும்பி ஆகாசத்துல நிக்கும். தானியக் கிடங்கு, தேவாலயக் கோபுரம் எல்லாம். ஒரு மணி நேரம் நிக்கும். அப்புறம் கரைஞ்சிடும்."

அந்தக் கானல் காட்சியை நாங்கள் எல்லோரும் பார்த்திருக்கிறோம். ஆனால் அவர் சொல்கிறபோது, அந்த ஊர் அவருக்காகவே கூடுதலாக ஒரு மணி நேரம் நின்றுவிட்டுப் போனது போலத் தோன்றும்.

அவர் சிக்ரிட்டைக் கண்டதும் இதே சாலையில்தான். 1952, ஏப்ரல் கடைசி. பனி உருகி, எங்கள் களிமண் பசையாகிவிடுகிற மாதம். பள்ளிக்கூடத்துக்குப் புதிதாக வந்த டீச்சர் சிக்ரிட்டின் கார் ஏழாவது மைலில் அச்சு வரைக்கும் புதைந்துவிட்டது. அம்புரோஸ் கிரேடரோடு போய்ச் சேர்ந்தபோது அந்தப் பெண் காருக்குள் கால் நீட்டி உட்கார்ந்து புத்தகம் படித்துக்கொண்டிருந்தாளாம்.

"ரொம்ப நேரமா இருக்கீங்களா?"

"மாட்டினப்ப பதினஞ்சாம் பக்கம். இப்ப நூத்திநாப்பது."

"சங்கிலி போட்டு இழுத்துடறேன். ரெண்டு நிமிஷம்."

"இன்னும் எண்பது பக்கம்தான் இருக்கு," என்றாள் சிக்ரிட். "வீட்டுக்குப் போனா நோட்டு திருத்தணும். இங்க யாரும் தொந்தரவு பண்ணல. நீங்க வர்ற வரைக்கும்."

அவள் வேடிக்கைக்குத்தான் சொன்னாள். அவர் போய் கிரேடரின் இன்ஜினை அணைத்துவிட்டு, சாலையோரப் புல்லில் தொப்பியை முகத்தில் கவிழ்த்துப் படுத்துவிட்டார். அவளுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை, படித்தாள். தபால்காரரின் லாரி பின்னால் வந்து நின்று ஹாரன் அடித்தது. "என்னப்பா, ரோடு வேலையா?" என்று அவர் கத்தினார். "ஆமா. இன்னும் முப்பது பக்கம் இருக்கு," என்றார் அம்புரோஸ் படுத்தபடியே. அடுத்த வருடம் அவர்களுக்குக் கல்யாணம் ஆனது.

அவர் மேட்டி, அதாவது கிரீ பூர்வகுடியும் பிரெஞ்சும் கலந்த இனத்தவர் என்று சிக்ரிட்டுக்குத் தெரியும்; பெயரே சொல்லிவிடும். சின்ன வயதில் வடக்கே காட்டோரத்தில் மாமா வீட்டில் வளர்ந்தேன் என்று சொல்லியிருந்தார். அதற்கு முன்னால் எங்கே இருந்தீர்கள் என்று அவள் கேட்டதில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன் என்று அவர் பின்னால் சொன்னார். நான் நம்பவில்லை.

1966 மே மாதம். மாகாண அரசு எங்கள் சரளைச் சாலையை எடுத்துக்கொண்டு, அகலப்படுத்தி, தார் போட்டு நெடுஞ்சாலையாக ஆக்கப்போகிறது என்ற செய்தி வந்தது. ஊரே பேசிக் களித்தது. கடைக்கு இன்னும் இரண்டு பம்பு வாங்கலாமா என்று நானும் கணக்குப் போட்டேன். ஒரு நாள் காலையில் அம்புரோஸ் வேலைக்குப் போனபோது, பதினோராவது மைலில் சாலையின் கிழக்குப் பக்கம், புல்லுக்குள் வரிசையாக முளைக்குச்சிகள் அடித்து, தலையில் சிவப்புத் துணி கட்டியிருந்தார்கள். புதுச் சாலையின் ஓரம் எது என்று காட்டுகிற குச்சிகள். அவர் அலகைத் தூக்கிவிட்டு, வண்டியைத் திருப்பி, பாதி வேலையில் வீட்டுக்கு வந்துவிட்டார். பதினெட்டு வருடத்தில் அப்படி வந்ததில்லை.

சிக்ரிட் சூப்பை எடுத்து வைத்தாள். அவர் கரண்டியைத் தொடவில்லை.

"என்ன ஆச்சு? உடம்பு சரியில்லையா?"

"பதினோராவது மைல்ல என் தம்பி இருக்கான்."

"தம்பியா? உங்களுக்குத் தம்பி உண்டா? அங்க ஏது வீடு?"

"வீட்ல இல்ல, சிக்ரிட்," என்றார்.

அன்று சாயங்காலம் வரைக்கும் அவர் பேசினார். இந்தச் சமவெளியை அளந்தவர்கள் மைலுக்கு மைல் சதுரம் சதுரமாகக் கோடு போட்டு, சதுரங்களுக்கு நடுவே அறுபத்தாறடி அகலத்துக்கு நிலத்தைச் சாலைக்கென்று விட்டுவைத்திருந்தார்கள். எல்லா இடத்திலும் சாலை வந்துவிடவில்லை, புல்தான் வந்தது. நிலம் பறிபோன மேட்டி ஜனங்கள் அந்தப் பட்டைகளில் வீடு கட்டிக்கொண்டார்கள், அது யாருடையதும் இல்லை என்பதால். பதினோராவது மைலில் அப்படி ஏழு வீடுகள். பாப்லார் மரக் கட்டைகளை அடுக்கி, சேறு பூசி, சுண்ணாம்பு அடித்த வீடுகள். அப்பா ஸக்கரி பக்கத்துப் பண்ணைகளில் கல் பொறுக்கினார். அம்மா ரோஸாலி துணி தைத்தாள். மூத்தவள் டெல்ஃபீன், அடுத்து அம்புரோஸ், கடைசியாக நோயல். நோயல் ஒரு கிறிஸ்துமஸில் பிறந்து, அடுத்த வசந்தத்தில் கக்குவான் இருமலில் போய்விட்டான். தேவாலயக் கல்லறையில் இடம் கேட்டபோது கிடைக்கவில்லை. வீட்டுக்குப் பின்னால் ஏற்கனவே வேறு சிலரைப் புதைத்திருந்த இடத்திலேயே அவனையும் வைத்தார்கள்.

அம்புரோஸுக்கு ஒன்பது வயதானபோது, ஒரு ஜூலையில் எல்லோரும் பெர்ரி பறிக்கப் போயிருந்தார்கள். வாளிகளோடு திரும்பி வந்தால் ஏழு வீடும் புகைந்துகொண்டிருந்தன. சாலை போட வேண்டும், காலி செய்யுங்கள் என்று ஏற்கனவே சொல்லியாகிவிட்டது என்றார்கள் லாரிக்குப் பக்கத்தில் நின்றிருந்த ஆட்கள். ஒருவர் மட்டும் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டிருந்தாராம். அது எதற்கென்று அம்புரோஸுக்குக் கடைசிவரை புரியவில்லை. மிஞ்சியதைக் கட்டை வண்டியில் போட்டுக்கொண்டு வடக்கே நடந்தார்கள். பதினோரு நாள்.

அந்தப் பதினோரு நாளைப் பற்றி அவர் சொன்னதைச் சிக்ரிட் என்னிடம் சொன்னபோது அவளுக்கே சங்கடமாக இருந்தது. "சந்தோஷமா இருந்துச்சுன்னு சொல்றாரு, நாஸ்தியா. என்ன சொல்றதுன்னே தெரியல." மூட்டைகளுக்கு மேல் மல்லாந்து படுத்துக்கொண்டு போனாராம். வானம்தான் நகர்ந்ததாம், வண்டி நின்றுகொண்டே இருந்ததாம். குட்டைகளில் வாத்துக் குஞ்சுகள் வரிசையாக நீந்தின. அம்மா வழியில் நிறுத்தி வாணலியில் ரொட்டி சுட்டாள். ஒரு விடியற்காலையில் தூரத்தில் ஓர் ஊர் முழுசாக ஆகாயத்தில் தொங்கியது, தலைகீழாக, கோபுரம் கீழ்நோக்கி. "அம்மா, அங்கதான் போறமா?" என்று கேட்டிருக்கிறார். அம்மா அண்ணாந்து பார்த்துவிட்டு, "அங்கயும் இருக்க விடமாட்டாங்க, பேசாம படு," என்றாளாம்.

மறுநாள் டெல்ஃபீனுக்குப் போன் போட்டார்கள். அவள் பிரின்ஸ் ஆல்பர்ட்டில் ஒரு சலவைக்கூடத்தில் வேலை பார்த்தாள். மூன்றாம் நாள் பஸ்ஸில் வந்து என் கடை வாசலில்தான் இறங்கினாள். ஐம்பது வயதுக்குக் கிட்ட இருக்கும். கட்டையான உருவம், சாம்பல் நிறக் கம்பளிச் சட்டை, கையில் ஒரு சிறு பெட்டி. தம்பி எழுந்து போய்ப் பெட்டியை வாங்கினார்.

"நாலு வருஷமாச்சு பாத்து," என்றார்.

"அஞ்சு. போன் பண்ணக் கை வராது உனக்கு." உட்கார்ந்தாள். காபியைத் தொடாமலே கேட்டாள்: "இந்தச் சாலைக்காடா இத்தனை வருஷம் வேலை பாத்த? பிரானக்குன்னுதான் சொன்ன. இந்த ரோடுன்னு சொல்லவே இல்லையே."

"வேற எங்கயும் வேலை கிடைக்கலன்னு இல்ல அக்கா. நானாத்தான் கேட்டேன்."

"கேட்டு வாங்கினியா! நம்ம வீட்டைக் கொளுத்தின சாலைக்குத் தலைவாரி விடறியா நீ?"

கடையில் இருந்த இரண்டு விவசாயிகள் தட்டைப் பார்த்துக்கொண்டார்கள்.

"எனக்கு அந்த நடையை நெனச்சா..." என்று ஆரம்பித்தார் அம்புரோஸ்.

"உனக்கு ஊர்வலம்டா அது. நீ வண்டி மேல படுத்துட்டு வந்த. செருப்பு இல்லாம நான் நடந்தேன், பக்கத்துல."

அம்புரோஸ் அவள் பெட்டியைக் கீழே வைத்தார். "அதான் உன்னைக் கூப்பிட்டேன். எனக்கு ஞாபகம் இருக்கிறதெல்லாம் வானம்தான். நோயல் எங்கன்னு தெரியல," என்றார்.

டெல்ஃபீன் காபியை எடுத்துக் குடித்தாள்.

அளவை வேலைக்குத் தலைவராக வந்திருந்தவர் ஹாடோ என்ற பொறியாளர். ஒல்லியானவர், வெயில் பட்டு மூக்கு உரிந்திருந்தது. அக்காவும் தம்பியும், சிக்ரிட்டும் நானும் அவரைப் பதினோராவது மைலிலேயே போய்ப் பார்த்தோம். லாரியின் முன்பக்கத்தில் வரைபடங்களை விரித்து நான்கு மூலைக்கும் கல் வைத்தார்.

"எல்லாப் பழைய படத்தையும் பாத்துட்டேன், மிஸ்டர் லாரோக். கல்லறைன்னு ஒரு புள்ளி கூட இல்ல. வீடுன்னும் இல்ல."

"உயிரோட இருந்தப்பவே உங்க படத்துல நாங்க இல்ல," என்றாள் டெல்ஃபீன். "செத்தப்புறம் எப்படி வருவோம்?"

ஹாடோவின் முகம் சிவந்துவிட்டது. படத்திலிருந்து நிமிர்ந்து, "நான் உங்களை நம்பலன்னு சொல்லலம்மா. எங்கன்னு காட்டுங்க. இடம் தெரியாம சாலைக் கோட்டை எங்க நகத்த? எவ்வளவு நகத்த? மேலிடத்துக்கு நான் ஏதாவது எழுதணும்ல," என்றார்.

டெல்ஃபீன் புல்லுக்குள் நடந்தாள். அங்கே காட்ட ஒன்றுமில்லை. முப்பத்துநான்கு வருடத்துப் புல், முழங்கால் உயரத்துக்கு, காற்றில் ஒரே பக்கமாகச் சாய்ந்தபடி. சாலையோர வடிகால் வெட்டி மண்ணின் வாட்டமே மாறியிருந்தது. இங்கே பின்கதவு என்றாள். இல்லை, அங்கே என்றாள். நின்ற இடத்திலேயே இரண்டு முறை சுற்றினாள். எதையும் தாங்குகிற பெண் என்று நான் நினைத்திருந்தேன், அங்கேயே புல்லில் உட்கார்ந்துவிட்டாள்.

"சீவிப் பாக்கலாம்," என்றார் அம்புரோஸ்.

"என்னது?" என்றார் ஹாடோ.

"மேல கறுப்பு மண்ணு. அடியில வெளுத்த களிமண்ணு. ஒரு தடவை தோண்டி மூடின இடத்துல ரெண்டும் கலந்துடும். எத்தனை வருஷமானாலும் அது பிரியாது. குழாய் பதிக்கிற இடத்துல எத்தனையோ தடவை பாத்திருக்கேன். மேல் மண்ணை மட்டும் மெல்லிசாச் சீவினாத் தெரியும்."

"மெல்லிசான்னா?"

அம்புரோஸ் சுண்டுவிரல் நுனியைக் காட்டினார். ஹாடோ அந்தப் பதிமூன்று டன் இயந்திரத்தைப் பார்த்தார், பிறகு அந்த விரலைப் பார்த்தார். "சனிக்கிழமை என் ஆளுங்களுக்கு லீவு," என்றார். "நான் வர்றேன்."

அந்தச் சனிக்கிழமையை நான் மறக்கமாட்டேன். கடையைப் பூட்டிவிட்டு, முட்டை வைத்த ரொட்டியும் ஒரு பெரிய கேன் காபியும் எடுத்துக்கொண்டு போனேன். ஜூன் மாத வெளிச்சம். அது விடிந்ததும் வந்து, போக மனமில்லாமல் கிடக்கும். வேலிக் கம்பத்தில் மஞ்சள் மார்புக் குருவி ஒன்று ஒரே பாட்டைத் திரும்பத் திரும்பப் பாடிக்கொண்டிருந்தது. அம்புரோஸ் ஏறி உட்கார்ந்தார். அலகு இறங்கியது. அது மண்ணைத் தொட்டதா இல்லையா என்று எனக்குத் தெரியவில்லை. பிறகு அலகின் ஓரத்திலிருந்து புல்லும் வேருமாக ஒரு மெல்லிய சுருள், கம்பளியைச் சுருட்டுவது போலப் புரண்டு வந்தது.

டெல்ஃபீன் பக்கத்திலேயே நடந்தாள். வண்டி அவள் நடைக்கு ஈடாக நகர்ந்தது. எண்பதடி போகும், நிற்கும், பின்னால் வரும், மறுபடி போகும். ஒவ்வொரு முறையும் மண் ஒரு சாயல் வெளுத்தது. நேரம் எங்கே போனதென்று தெரியவில்லை. மேகங்களின் நிழல்கள் மேற்கேயிருந்து வந்து, எங்கள் மேல் ஏறி இறங்கி, கிழக்கே வயல்களில் நடந்து போயின. ஹாடோ கையைப் பின்னால் கட்டிக்கொண்டு தேவாலயத்தில் நிற்பவர் போல நின்றார். நான் ஒரு கட்டத்தில் எதற்கு வந்தோம் என்பதையே மறந்து, அந்த அலகு போய் வருவதை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பதினாறாவது முறையோ பதினேழாவது முறையோ. டெல்ஃபீன் கையைத் தூக்கினாள். "நிறுத்துடா."

வெளுத்த களிமண்ணில் ஒரு கறுப்பு வடிவம் இருந்தது. நான்கு மூலையும் நேராக, பாதிக் கதவின் அளவில். அதற்கு அந்தப் பக்கம் இன்னொன்று, நீளமாக. மூன்றாவது. நான்காவது, எல்லாவற்றிலும் சிறியது. ஒரு தபால் பெட்டி அளவுகூட இல்லை.

டெல்ஃபீன் ஒவ்வொன்றாகச் சொன்னாள். "இந்த நீளமானது கபாஸ் தாத்தா. இது டெமாரே வீட்டு மகளோட பிள்ளை. இதுதான் நோயல்." கடைசிச் சின்னதன் முன்னால் நின்றாள். "இது யாருன்னு எனக்குத் தெரியல. அம்மாவுக்குத் தெரிஞ்சிருக்கும்."

தன் சாம்பல் கம்பளிச் சட்டையைக் கழற்றி அதன் மேல் விரித்தாள். காற்று தூக்கியது. ஹாடோ போய் நான்கு கல் பொறுக்கி வந்து மூலைக்கு ஒன்றாக வைத்தார், தன் வரைபடத்துக்கு வைத்தது போலவே.

அம்புரோஸ் கிரேடரிலிருந்து இறங்கவில்லை. இரண்டு கையும் நெம்புகோல்களில் இருந்தன. சிக்ரிட் ஏறிப் போய் அந்தக் கைகளை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டாள். அவர் இறங்கி வந்தார். அக்காவைப் பார்த்து, "யாரையும் தொடல அக்கா. ஒரு விரல் கூட அதிகமாப் போகல," என்றார். அதையே மறுபடியும் சொன்னார். அப்புறம்தான் அழுதார்.

டெல்ஃபீன் அவர் முதுகைத் தட்டினாள். "சரி, சரி. நல்லாத்தான்டா ஓட்டற," என்றாள். புல்லில் உட்கார்ந்து ரொட்டியைச் சாப்பிட்டோம். அக்காவும் தம்பியும் தங்களுக்குள் கிரீயும் பிரெஞ்சும் கலந்த மேட்டிப் பேச்சில் ஏதோ பேசிச் சிரித்தார்கள். அம்புரோஸ் அந்தப் பேச்சைப் பேசி நான் அதுவரை கேட்டதில்லை. குரலே வேறு ஆளுடையது போலிருந்தது, சின்னப் பையனுடையது போல.

ஹாடோவின் கடிதத்துக்குப் பதில் வர ஏழு வாரமாயிற்று. முக்கால் மைல் நீளத்துக்குச் சாலைக் கோட்டை மேற்கே நாற்பதடி தள்ளலாம் என்று உத்தரவு வந்தது. மேற்கே நிலம் கோஸ்டினியுக் என்ற விவசாயியுடையது. "என் டிராக்டருக்கு வளைஞ்சு உழத் தெரியாதே," என்று முனகிவிட்டுக் கையெழுத்துப் போட்டார். முளைக்குச்சிகள் இடம் மாறின. செப்டம்பரில் தார் போட்டார்கள். ஒரு வாரம் என் கடையில் காபியும் தார் வாசனைதான் அடித்தது. இன்றைக்கும் அந்த நெடுஞ்சாலை அறுபது மைலும் நூல் பிடித்தது போலப் போகிறது, பதினோராவது மைலில் தவிர. அங்கே அது தூக்கத்தில் புரண்டு படுப்பவர் போல மெதுவாக ஒருபக்கம் ஒதுங்கி, மறுபடி நேராகிறது. கவனிக்காதவர்களுக்கு அது தெரியாது. கை மட்டும் தானாக ஸ்டியரிங்கைக் கொஞ்சம் திருப்பும்.

கல்லறைகளைச் சுற்றி வேலி போட்டு ஒரு பலகை நட்டார்கள். சிக்ரிட் எழுதினாள், மூன்று பெயர், அதற்குக் கீழே ஒரு வரிக்கு இடம் விட்டாள்.

தார் போட்ட சாலைக்குக் கிரேடர் வேண்டாமே. அம்புரோஸை மேற்கே வேறொரு சரளைச் சாலைக்கு மாற்றினார்கள். அங்கே இன்னும் பதினைந்து வருடம் ஓட்டினார். டெல்ஃபீன் சலவைக்கூடத்தை விட்டுவிட்டு பிரானக்குக்கே வந்து என் சமையலறையில் சேர்ந்தாள். அவள் கைப்பக்குவத்துக்காகவே லாரிக்காரர்கள் நிறுத்தினார்கள். தம்பியைத் திட்டுவதை மட்டும் அவள் நிறுத்தவில்லை.

எழுபத்தொன்றிலோ எழுபத்திரண்டிலோ, ஆகஸ்டில் ஒரு பிற்பகல். கடையில் வேறு யாருமில்லை. அம்புரோஸ் புருவமெல்லாம் தூசியோடு வேலையிலிருந்து வந்து ஜன்னலோரம் சிக்ரிட்டுக்கு எதிரே உட்கார்ந்திருந்தார். தென்மேற்கே முப்பது மைலுக்கு அப்பால் மழை இறங்கிக்கொண்டிருந்தது. வானத்திலிருந்து தரை வரைக்கும் சாம்பல் நிறத்தில் ஒரு திரை. மற்ற இடமெல்லாம் நல்ல வெயில்.

"இங்க வரும்," என்றார் அம்புரோஸ்.

"வராது. துணி காயுது, வராது," என்றாள் டெல்ஃபீன், மாவுக் கையோடு வாசலில் நின்று.

"எவ்வளவு நேரத்துல வரும்?" என்றாள் சிக்ரிட், புத்தகத்திலிருந்து தலை நிமிராமல்.

"அது அவசரப்படாது. நடந்து வருது பாரு," என்றார் அவர்.

நாங்கள் நாலு பேரும் பார்த்துக்கொண்டிருந்தோம். தார்ச்சாலை வெயிலில் மினுங்கியது. ஒரு கார் அதன் மேல் மிதந்தபடி வந்து, நிற்காமல் வடக்கே போயிற்று. மழை ஒரு வயலை மூடியது, பிறகு அடுத்ததை. அதன் குளிர்ந்த வாசனை முதலில் வந்தது. டெல்ஃபீன் துணி எடுக்க ஓடினாள். ஆனால் அது எங்களைத் தொடாமல், ஊருக்கு ஒரு மைல் தெற்கே அப்படியே திரும்பி, கிழக்கே போய்விட்டது.